வயர்லெஸில் மாட்டிய ஃபேன்

“நம்ம வீட்டு ஃபேன்ல வெறும் காத்துதான் வருது. சொசைட்டி ஃபேன்லதான் புருஷன் வாறான்.”

ஏலக்கூடத்துக்குப் பின்னால், குழாயடியில் ஒருத்தி இப்படிச் சொன்னது, குடையை மடக்கிக்கொண்டு அந்த வழியாகப் போன என் காதில் விழுந்தது. கேட்டவள் சிரிக்கவும் இல்லை, வாயைப் பிளக்கவும் இல்லை. நிரம்பிய குடத்தை நகர்த்திவிட்டுக் காலிக் குடத்தை வைத்துக்கொண்டே, “இன்னைக்கு உங்க ஆளு என்ன காத்து?” என்று மட்டும் கேட்டாள்.

“கச்சான். கூடக் கொஞ்சம் வெங்காயம்.”

“அப்போ குழம்பு கூட்டியாச்சு,” என்றாள் மற்றவள் நிம்மதியாக.

வலம்புரித்துறையில் அதற்குள் அது அவ்வளவு சாதாரணமாகிவிட்டிருந்தது. புதிதாக ஒரு பஸ் வந்து நிற்க ஆரம்பித்தால் எத்தனை நாள் அதைப் பற்றிப் பேசுவார்களோ, அத்தனை நாள்தான் அதைப் பற்றியும் பேசினார்கள். பிறகு பஸ்ஸில் ஏறுவதுபோல அதையும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

மீனவர் சொசைட்டியின் பின்னறையில் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது. உடைக்க வந்த ஏதோ கப்பலிலிருந்து வாங்கியது, அரிசி மூட்டையின் கனம், கேட்க மட்டுமே தெரிந்த பெட்டி. பதில் பேசுவதற்குப் பக்கத்தில் மைக்கோடு வேறொரு சின்னப் பெட்டி. கடலுக்குப் போன படகுகள் பேசுவதைக் கேட்டு வீட்டுக்காரர்களிடம் சொல்வது என் வேலை. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உப்புக்காற்று அரித்து, பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர் முறுக்குச் சுடுகிற சத்தம் போட ஆரம்பித்ததும், சொசைட்டித் தலைவர் பங்கிராஸ் அண்ணாச்சி, கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடும் ரெமிஜியூஸைக் கூப்பிட்டுவிட்டார். பெட்டியின் முதுகில், வெளிச் சாமான்களை மாட்டுவதற்கென்றே வரிசையாகத் துளைகள் இருந்தன. ஒன்றில் வெளி ஸ்பீக்கரை மாட்டலாம், ஒன்றில் ரெக்கார்டரை மாட்டலாம், இன்னொன்றில் என்ன மாட்டுவது என்று கப்பல்காரனுக்குத்தான் தெரியும். ரெமிஜியூஸ் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் தோளில் தூக்கிவந்தார். அப்படியே அறையில் நின்ற பழைய ஃபேனுக்கும் அவர் வயர் மாற்ற வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த வயர் முழுக்க நீலம். மாதாவின் அங்கி நீலம் என்பதால் எங்கள் ஊரில் கொடி நீலம், தேர்த்துணி நீலம், படகின் மூக்கு நீலம், வயரும் நீலம். வேறு நிறத்தில் வாங்கினால் திருவிழாக் கமிட்டி திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் மேசைமேல் கிடந்த வயர்களில் எது ஸ்பீக்கருக்குப் போவது, எது ஃபேனுக்குப் போவது என்பது ரெமிஜியூஸின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. அன்றைக்கு அவர் மச்சினன் வீட்டுக் கறிச்சோற்றின் ஞாபகத்தில் இருந்தார்.

ஸ்பீக்கரை மின்சாரத்தில் மாட்டினார். அது ‘ங்ங்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் புகைந்து செத்தது. ஃபேனை வயர்லெஸின் முதுகில் மாட்டினார். ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரத்தில் ஃபேன் இறக்கை என்ன, ஈயின் இறக்கைகூட அசையாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள், கடலிலிருந்து ஒரு படகு பேசியது, ஃபேன் சுற்றியது, அறைக்குள் உப்பும் ஈரமுமாக மேற்கத்திக் கச்சான் காற்று அடித்தது, அந்தக் காற்றின் நடுவில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.

மீன் விற்ற கையோடு வந்திருந்த பிரகாசியக்கா மூக்கைத் தூக்கினாள். “எங்க வீட்டு ஆளு. அவருதான் வெங்காயத்தக் கருக்குவாரு.”

அவ்வளவுதான். யாரும் முழங்காலில் விழவில்லை. பங்கிராஸ் அண்ணாச்சி, “ஸ்பீக்கருக்கு எழுதின கணக்குல ஃபேன்னு மாத்திக்கிடுவோம்,” என்றார்.

முதுகில் எதையாவது மாட்டினால் பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். அதனால் ரெக்கார்டர் துளையில் ஒரு ஹெட்ஃபோனை மாட்டி நான் காதில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கடலின் பேச்சு எனக்கு மட்டும், கடலின் காற்று ஊருக்கு என்றானது. பேச்சைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெண்கள் கூடை கூடையாக ஈரத்துணியோடு வந்தார்கள், புருஷன் பேசுகிற நேரத்துக்குள் சேலை மொரமொரவென்று உப்புப் பூத்துக் காய்ந்தது. கைக்குழந்தைகளை, அப்பா வாசம் பழகட்டும் என்று, ஃபேனுக்கு எதிரே கிடத்தினார்கள். இழுப்பு நோய்க்காரர்கள் காலையில் வந்து கிழக்கத்திக் கொண்டல் காற்றுக்குக் காத்திருந்தார்கள், வாடைக் காற்று வந்தால் கோபித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் பெருகியதும் பங்கிராஸ் அண்ணாச்சி ஃபேனுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ‘அடுத்தவர் புருஷன் காற்றில் நிற்கக் கூடாது’ என்று சுவரில் எழுதிவைத்தார். இது குறித்துச் சந்தேகம் கேட்டபோது பங்குச்சாமியார் வெகுநேரம் யோசித்து, தற்செயலாக மேலே பட்ட காற்று பாவமாகாது, வேண்டுமென்றே முகத்தை நீட்டினால் மட்டும்தான் பாவம் என்று பூசைக்குப் பிறகு அறிவித்தார்.

ஆண்களுக்குத்தான் சிரமம். “மீன் ஒண்ணும் படலட்டி” என்று ஒருவன் வயர்லெஸில் அழுகிற அதே நேரத்தில் ஃபேனிலிருந்து சீலா மீன் பொரிக்கிற மணம் வந்தது. சாராயத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னவனின் காற்றில் நின்ற அவன் மாமியாருக்குத் தலை சுற்றியது. விஷயம் தெரிந்ததும் அவர்கள் பேசுவதற்கு முன் முகத்துக்குப் பவுடர் போட்டார்கள், படகின் மூக்கான அணியத்தில் மல்லிகைச் சரம் கட்டினார்கள், கடைசியில் சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் பட்டனை அமுக்கினார்கள். சாம்பிராணி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பெண்கள் புரிந்துகொண்டார்கள். அறை எந்நேரமும் கோயில்போல மணந்தது, பெண்கள் எந்நேரமும் பல்லைக் கடித்தார்கள்.

கஸ்பார் மாமா மட்டும் சாம்பிராணி போடவில்லை. அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. இருமல் முற்றி, டாக்டர் எச்சரித்து, மாதா சொரூபம் நிற்கிற கெபிக்கு முன்னால் ஊர் பார்க்க அவர் சத்தியம் செய்திருந்தார்: “எம் மக ஜெனோவா கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் இந்த வாயில பீடி வைக்க மாட்டேன்.” கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றையும் வாசித்தாகிவிட்டது, வருகிற புதன்கிழமை கல்யாணம். கல்யாணத்துக்கு முன் கடைசித் தடவையாகத் தன் தம்பி லாசரோடு, நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போய், விருந்துக்கு நல்ல மீனாகக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக அவர் பட்டனை அமுக்கியபோது, அவர் மனைவி சலேத் மாமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கொண்டல் காற்று வந்தது. காற்றுக்கு அடியில், ஒளிந்து வருகிற பூனைபோல, பீடிப் புகை வந்தது.

மாமி எழுந்தாள். “பிள்ள, அந்த மைக்க இங்க குடு.” வாங்கி, வாய்க்கு எதிரே பிடித்து, “எந்த வாயில சத்தியம் பண்ணுனீரு நீரு?” என்றாள்.

என் காதில் கஸ்பார் மாமா, “என்னட்டி சொல்லுத?” என்றார். நான் அதைச் சொன்னேன்.

“பீடி நாறுது.”

“நான் குடிக்கல.”

“ஃபேன் சொல்லுதே.”

“ஃபேன் பெருசா, நான் பெருசா?”

“ஃபேன் பொய் சொல்லாது,” என்றாள் மாமி. அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள், ஆளுக்கொரு சாம்பிராணியை நினைத்துக்கொண்டு.

அவர் ஹெட்ஃபோனில் ஒரு பாட்டம் கத்தினார். நான், “மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்,” என்றேன்.

“இந்தப் பிள்ள வாயில நுழைஞ்சா புயலும் தூறலாத்தான் வெளிய வரும்,” என்றாள் பிரகாசியக்கா. “முழுசாச் சொல்லு பிள்ள.”

முழுதாகச் சொன்னேன். “அந்த ஃபேனையே கையப் புடிச்சு எம் மகளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் கரைக்கு வரல.”

அதற்குப் பிறகு அவர் பட்டனை அமுக்கவே இல்லை. அமுக்கினால்தானே காற்று வரும். அவருடைய நேரத்தில் ஃபேன் செத்த கோழிபோலத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அவர் வரிப்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டின்மேல் நங்கூரம் போட்டுக் கிடப்பதாகவும், பிடித்த மீனைப் போகிற வருகிற படகுகளில் தூக்கிப் போடுவதாகவும், ‘மக கல்யாணம்’ என்று யாராவது ஆரம்பித்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வதாகவும் மற்றப் படகுக்காரர்கள் சொன்னார்கள். பங்குச்சாமியார் மைக்கில் புத்தி சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மைக்கில் கும்பிட்டார்கள், கும்பிட்டது மைக்கில் தெரியாது என்று நான் சொல்லத் தயங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெனோவா வந்து, மருதாணிக் கைகளை மடியில் விரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அப்பா கையப் புடிக்காம நான் கோயிலுக்குள்ள நடக்க மாட்டேன். ஒண்ணு அப்பாவக் கொண்டுவா, இல்லன்னா கல்யாணத்த நிறுத்து,” என்றாள் அம்மாவிடம்.

“அவரு வந்து என்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்.”

“அவரு குடிக்கலன்னா?”

“ஃபேன்...” என்று ஆரம்பித்து மாமி நிறுத்திக்கொண்டாள்.

ஊர் இரண்டாக நின்றது. ஒரு பக்கம் கஸ்பார், ஒரு பக்கம் ஃபேன். ஃபேன் பக்கம் ஆள் அதிகம். அவர்கள் கஸ்பார் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அதுவும் நடக்கக்கூடியதுதானா என்று பொறுப்பாக ஆராய்ந்தார்கள். “கீழ சக்கரம் வச்சு, வேட்டி சுத்திட்டா அந்தஸ்தாத்தான் இருக்கும்,” என்றார் பங்கிராஸ் அண்ணாச்சி. “பீடம் வரைக்கும் எங்கிட்ட வயர் இருக்கு,” என்றார் ரெமிஜியூஸ். ஜெனோவா அழ ஆரம்பித்தாள்.

அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, ரெமிஜியூஸ் உடனே வயரைக் கழற்றி, நீளமான வயரைப் போட்டு அளந்து பார்த்தார். இரண்டு இழையும் நீலம். இது இதற்கா அது அதற்கா என்று ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்துவிட்டு முறுக்கிவிட்டார். ஃபேன் சுற்றியது. ஆனால் யாரும் பேசாமலே சுற்றியது, அதுவும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்று வரவில்லை, போனது. காலண்டர் தாள் பறந்துபோய் ஃபேன் கூட்டில் ஒட்டிக்கொண்டது, சாமியாரின் அங்கி அந்தப் பக்கம் இழுபட்டது, பிரகாசியக்கா மதியத்துக்கென்று தூக்குவாளியில் வைத்திருந்த நெத்திலி வறுவலின் மணம் முழுவதும் அறையைவிட்டுக் காலியானது.

ஹெட்ஃபோனில் கடல் முழுவதும் ஒரே நேரத்தில் பேசியது. “சொசைட்டியில யாருவே நெத்திலி வறுக்குறது?”

சொன்னேன். எல்லாரும் மணம் போன தூக்குவாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பங்கிராஸ் அண்ணாச்சி மெல்ல, “கஸ்பாருக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்று கேட்டார்.

“ஆட்டுக்கறி பிரியாணி,” என்றாள் சலேத் மாமி, சுவரைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை காலையில் கல்யாணச் சமையல்காரர்களே வந்து, ஃபேனுக்கு எதிரே அண்டாவை வைத்து, தம் போட்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க மூடியைத் திறந்தார்கள். எங்களுக்கு ஒரு துளி மணம்கூட மிஞ்சவில்லை, கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டுவதற்குள் வலம்புரித்துறைப் படகுகள் எல்லாம் வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தன. பக்கத்து ஊர்ப் படகுகளும் வந்தன. இன்ன நாட்டுக்காரன் என்று தெரியாத ஒரு கப்பல், தூரத்தில் வேகத்தைக் குறைத்து ஒரு தடவை ஊதிவிட்டு, வருத்தத்தோடு போனது. படகு நிறுத்த இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கை ஏற்றி நிறுத்தினார்கள். எல்லாரும் வந்தார்கள், கஸ்பார் மட்டும் வரவில்லை.

லாசர் வந்திருந்தான். வேறொரு படகில் தாவி ஏறி வந்துவிட்டதாகச் சொன்னான். மூன்றாவது தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தவன், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த சலேத் மாமியைப் பார்த்ததும் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தான்.

“மயினி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பீடி குடிச்சது நான்.”

“அண்ணன்?”

“அவரு வாயில வைக்கல மயினி, மாதா மேல ஆணை. நான் பத்தவச்சா, காத்து போற பக்கமா வந்து மூக்க விரிச்சிட்டு நிப்பாரு. கேட்டா, சத்தியம் பண்ணுனது வாயிதான, மூக்கு பண்ணலையேம்பாரு. அன்னைக்கு என் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் பட்டன அமுக்குனாரு.”

பந்தி முழுவதும் சிரித்தது. சாமியார் திரும்பிக்கொண்டு சிரித்தார். சலேத் மாமி சிரிக்கவில்லை.

“இப்போ அங்க அவருக்கு யாரு பத்தவைக்கிறா?” என்றாள்.

“யாரு இருக்கா? தனியா மூக்க விரிச்சிட்டு நிப்பாரு.”

செவ்வாய்க்கிழமை காலையில் மாமி சொசைட்டிக்கு வந்தாள். பின்னாலேயே ஜெனோவா வந்து, உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் ஊர் வந்தது. விடிந்தால் கல்யாணம். கோயில் வாசலில் நீலத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மைக்குல ஒரு வார்த்த, ‘தப்பாச் சொல்லிட்டேன்’னு சொல்லிருங்க. தீந்துபோச்சு,” என்றார் பங்கிராஸ் அண்ணாச்சி.

நான் மைக்கை நீட்டினேன். மாமி வாங்கி, வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. தப்பான பிள்ளையை அடித்துவிட்டால், அந்தக் கணக்கை நேராக்க மற்றப் பிள்ளையையும் அடித்துவிட்டு இரண்டு பேருக்கும் தேன்குழல் கொடுக்கிறவள். உதடு ஒரு தடவை பிரிந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“வர மாட்டேங்குதுடி,” என்றாள் என்னிடம், மிகவும் மெதுவாக. எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

ஃபேன் இன்னும் எதிர்ப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற லாசர் பக்கமாகக் கையை நீட்டினாள்.

“பீடி குடு.”

“மயினி?”

“கட்டோட குடுல.”

லாசர் கட்டையும் தீப்பெட்டியையும் கொடுத்தான். மாமி ஸ்டூலை ஃபேனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு பீடியை உருவி, அதைத் தலைகீழாக வாயில் வைத்தாள். “மறுபக்கம் மயினி,” என்றான் லாசர். திருப்பி வைத்துப் பற்றவைத்தாள். இழுத்தாள். கண் சிவந்து, மூக்கில் நீர் வந்து, இருமி, ஜெனோவா “எம்மா” என்று ஓடிவர, அவளைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு, கன்னம் உப்ப வைத்திருந்த புகையை ஃபேனுக்கு நேரே ஊதினாள். புகை கலையாமல் ஒரே கயிறாக உள்ளே போனது.

“கேக்குதா?” என்றாள் என்னிடம்.

ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடி இழுத்தாள், மறுபடி ஊதினாள்.

அப்போது ஹெட்ஃபோனில் பட்டனை அமுக்குகிற ‘டக்’ கேட்டது. பேச்சு இல்லை. அலை படகில் தட்டுகிற சத்தம், அதற்கு மேலே, ஒரு மனிதன் மூக்கு வழியாக நீளமாக, மிக நீளமாக மூச்சை இழுக்கிற சத்தம்.

“மாமா இழுக்காங்க,” என்றேன். என் குரல் வாசல்வரை கேட்டிருக்க வேண்டும், வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பேசுறாரா?”

“இல்ல மாமி. இழுக்காங்க.”

மாமி ஊதினாள். அவர் இழுத்தார். அவள் ஊதினாள். பிறகு நங்கூரக் கயிறு படகின் விளிம்பில் உரசி ஏறுகிற சத்தம் வந்தது, இன்ஜினைச் சுண்டி இழுக்கிற சத்தம் வந்தது. ஒரு தடவை இழுத்தும் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்ததும் பிடித்துக்கொண்டது.

“இன்ஜின் ஓடுது,” என்றேன்.

“வரிப்பாருல இருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்ல?” என்று மாமி லாசரைக் கேட்டாள்.

“சாயந்தரம் ஆயிரும் மயினி.”

மாமி கையில் எரிந்து தீரப்போகிற பீடியைப் பார்த்தாள். கட்டிலிருந்து இன்னொன்றை உருவி, அதன் நெருப்பிலேயே பற்றவைத்தாள்.